லேசான பணப்பை

லேசான சரக்குக்குத்தான் மாப்ளே இடம் அதிகம் வேணும் என்றாரா, காவல் அதிகம் வேணும் என்றாரா, மாமா அன்றைக்குச் சொன்னது எது என்று காலையிலிருந்து பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருக்கிறது. எனக்குக் கல்யாணமான புதிதில், தான் வேலை பார்த்த மில்லின் பஞ்சு குடோன் வாசலில் நின்று சொன்னார். புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்ததில் பின்பாதி காதில் விழுந்தும் விழாமலும் போயிருக்க வேண்டும். இடம் என்றாலும் பொருந்துகிறது, பஞ்சு அடைத்துக்கொள்ளும் இடத்துக்குக் கணக்கே இல்லை. காவல் என்றாலும் பொருந்துகிறது, அணையாத ஒரு பீடித் துண்டு போதும். எழுந்து போய் அவரையே கேட்டுவிடலாம், முன்னறை நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் அவருக்காகவே நாங்கள் அயர்லாந்தை விட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்த இந்த ஒரு வருஷமாக அவரிடமிருந்து வருவது பெரும்பாலும் ஒரே கேள்வி. "சாவி வந்துருச்சா மாப்ளே?" இதோ, நினைக்கும்போதே கேட்கிறார். "ஆள் போயிருக்கு மாமா" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தேன். வந்துருச்சு என்று சொல்லக் கூடாது, சொன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். வரவில்லை என்றும் சொல்லக் கூடாது, எழுந்து அறைக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவார். ஆள் போயிருக்கு என்ற பதிலைக் கண்டுபிடித்தவள் வடிவு, அவர் மகள், என் மனைவி. முழுப்பெயர் சண்முகவடிவு, அங்கே அவள் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் அது வாயில் நுழையாமல் ஷான் என்று கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள். என் முன்னால் திரை. உங்கள் கணினிக்கு எந்த பிட்காயின் வாலட், அதாவது பணப்பை, பொருந்தும் என்று அது கேட்கிறது, நான் பதில் சொல்லாமல் மேலும் கீழுமாக உருட்டிக்கொண்டிருக்கிறேன். முழு வாலட் என்றால், பிட்காயின் தோன்றிய நாளிலிருந்து உலகத்தில் எங்கிருந்து எங்கே எவ்வளவு போனது என்ற மொத்த வரலாற்றையும் இந்த வீட்டுக்குள் இறக்கிவைக்கும், பிறகு யாரையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கணினி தென்காசி ரோட்டில் பழையதாக வாங்கியது, அதற்கு அவ்வளவு வயிறு இல்லை, இறக்கி முடிக்க நாள்கணக்கில் ஆகும், எனக்கு இருப்பதோ இன்று சாயங்காலம் வரை. லேசான வாலட் வரலாறு எதையும் சுமக்காது. நம் சாவியை மட்டும் நம்மிடம் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் வெளியே முகம் தெரியாத ஏதோ ஒரு சர்வர் கணினியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இருக்கிறதா என்று இது கேட்கும், இருக்கிறது என்று அது சொல்லும். சொல்வது யார்? கேட்டவன் இன்னான் என்று அது எங்காவது குறித்துவைத்துக்கொள்ளுமா? இப்படித்தான் ஒரு கேள்வியிலிருந்து இன்னொன்று, காலை இட்லி ஆறிப்போய் அப்படியே மேஜையில் இருக்கிறது.

சாயங்காலம் வரை என்றது நான் வைத்த கெடு இல்லை. அயர்லாந்தின் கார்க் நகரத்தில் நாங்கள் இருந்தபோது வாங்கிய பிட்காயினை அங்கே ஒரு கம்பெனிதான் இத்தனை நாளும் தன் பொறுப்பில் வைத்திருந்தது. நாட்டை விட்டுப் போனவர்களின் கணக்கை இனி வைத்துக்கொள்வதற்கில்லை என்று அவர்களிடமிருந்து மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல், நான் ஒவ்வொன்றையும் படித்து ஒவ்வொன்றையும் நாளைக்கு என்று ஒதுக்கினேன், இன்றைக்கு நாளை இல்லை. எடுத்துக்கொள்ளாவிட்டால் அவர்களே விற்று, பதிவில் உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுவார்களாம். அந்த வங்கிக் கணக்கை விமானம் ஏறுவதற்கு முந்தின வாரமே மூடிவிட்டோம். இல்லாத கணக்குக்குப் போன பணம் எந்த நாட்டு மேஜையில், எந்த இழுப்பறையில் போய்ப் படுக்கும், யாரைக் கேட்பது, எந்த மொழியில் கெஞ்சுவது. அது பாதிக்கு மேல் வடிவின் சம்பாத்தியம், இரவு டியூட்டி பார்த்துச் சேர்ந்தது. மாமாவைப் போல் நினைவு தப்பியவர்களை வீட்டுக்காரர்கள் பகலில் மட்டும் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போக ஓர் இடம், இந்த ஊரில் அப்படி ஒன்று கிடையாது, மலையடிப்பட்டிப் பக்கம் அதற்கு ஒரு வீட்டைப் பார்த்துப் பேசி வைத்திருக்கிறாள், எந்த அறையில் யார் படுப்பது, எந்தக் குளியலறையில் எந்த உயரத்தில் கைப்பிடி என்பதுவரை அவள் மனதில் தயார். அதற்குப் போடும் முதல் இந்தப் பணம்தான், வேறு இல்லை. நான் தவறான இடத்தில் ஒரு தடவை அழுத்தினால் அந்த வீடு போயிற்று. காற்று ஜன்னல் கதவைத் தூக்கி அடிக்கிறது, ஆடிக் காற்று, கொக்கி தேய்ந்து போய் நிற்பதில்லை, காகிதத்தை மடித்துச் செருகினேன், அடுத்த வீச்சில் காகிதமும் பறந்தது. கார்க்கில் காற்று இப்படிப் பேசாது, அங்கே மழைதான் பேசும், சாய்வாக, விடாமல், சோதனைக்கூடத்துக் கண்ணாடி மேல். மாத்திரைக் கம்பெனியின் சோதனைக்கூடம். ஒரு சிட்டிகைப் பொடியைத் தராசில் நிறுத்தால்கூட, செய்தவர் என்று ஒரு கட்டம், சரிபார்த்தவர் என்று ஒரு கட்டம், இரண்டும் நிரம்பினால்தான் அது நடந்ததாக அர்த்தம். என் பக்கத்துக் கட்டத்தில் பெரும்பாலும் நோரீன் என்ற அம்மாள். மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கி, நீ சரியாகத்தான் செய்திருப்பாய், ஆனால் நான் பார்க்கிறவரை நீ அதைச் செய்யவே இல்லை என்பாள். எரிச்சலாக இருக்கும். இப்போது இந்த அறையில் அந்த எரிச்சலுக்காக ஏங்குகிறேன். லேசான வாலட் ஒன்றைத் தேடியவுடன் முதலில் வந்தது போலிப் பக்கம், அசலைப் போலவே நிறம், அசலைப் போலவே படம், கிட்டத்தட்ட விரலை வைத்துவிட்டேன், முகவரியைப் பார்த்து ஏதோ உறுத்தி விலகினேன். இரண்டாவதாக வந்தது அசல்தானா? உறுத்தாததெல்லாம் அசலாகிவிடுமா? கோப்பு இறங்கிவிட்டது, ஆனால் இன்னும் திறக்கவில்லை. கோப்பின் கைரேகை என்று எழுத்தும் எண்ணும் கலந்த நீள வரி ஒன்றை, வாலட்டைச் செய்தவர்கள் தனியே வேறு இடத்திலும் வெளியிட்டிருக்கிறார்கள், இறக்கியதிலிருந்து கணக்கிட்டு வருவதும் அந்த வரியும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று முறை ஒப்பிட்டேன். பாதி வழியில் கண் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு எப்படித் தாவியது என்று தெரியவில்லை, ஒவ்வொரு முறையும் சரியாக இருக்கும் என்ற ஆசைதான் படித்தது, நான் படிக்கவில்லை.

"என்னங்க, இன்னும் அதே பக்கத்தையா பாத்துக்கிட்டு இருக்கீங்க?" வடிவு, கையில் அப்பாவுக்குக் கொடுத்து மிச்சமான கஞ்சிக் கிண்ணம். "புடவைக் கடையில நான் ரெண்டு பெட்டிய இறக்கச் சொன்னா மூஞ்சிய எட்டு முழத்துக்கு வச்சுக்கிட்டு நிப்பீங்க." ஏறக்குறைய முடிவு பண்ணிவிட்டேன் என்றேன். "ஏறக்குறையன்னா? உங்க அம்மா பொண்ணு கேட்டு வந்தப்ப சொன்ன மாதிரியா, மாப்பிள்ளை ஏறக்குறைய இன்ஜினியர்னு." எனக்குச் சிரிப்பு வந்தது, வந்ததும் பயமும் கூடவே வந்தது, அவள் இவ்வளவு சாதாரணமாக இருக்கிறாளே, இது கைவிட்டுப் போகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லையா, என்னைப் பார்த்தா இந்தத் தைரியம். உட்காரச் சொன்னேன். ஸ்டூலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாவி என்பது இரும்பில்லை, பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தை என்றேன். வாலட்டை உருவாக்கும்போது அது ஒரு முறை காட்டும், எழுதிக்கொள்ள வேண்டும். கணினி உடைந்தால் பரவாயில்லை, திருட்டுப் போனால்கூட, வார்த்தை இருந்தால் வேறு கணினியில் திறந்துகொள்ளலாம். வார்த்தை போனால் கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது, புகார் எண் கிடையாது. "வார்த்தைய வேற யாராவது பாத்துட்டா?" பார்த்தவன் எடுத்துக்கொண்டு போவான், நாம் வேடிக்கை பார்க்கலாம். "நல்ல பெட்டிதான் போங்க. பூட்டும் கெடையாது, போலீசும் கெடையாது." அந்த வார்த்தைகளை நீயே வைத்துக்கொள்ளேன் என்றேன், மிக இயல்பாக, ஏதோ பால் பாக்கெட்டை எடுத்து வை என்பதுபோல். காலையிலிருந்து இதைச் சொல்லத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன் என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவள் கிண்ணத்தின் ஓரத்தில் காய்ந்திருந்த கஞ்சியை நகத்தால் சுரண்டினாள். "எங்கிட்ட வேண்டாம்." ஏன் என்று கேட்டேன். மோவாயால் முன்னறையைக் காட்டினாள். "அது எங்க வீட்டுச் சொத்துங்க. எங்க அத்தைக்கு வந்துச்சு, அப்பாவுக்கு வந்துருச்சு. அடுத்த வாரிசு யாருன்னு தெரியாதா உங்களுக்கு? நான் அதைப் பத்தி நெனைக்கிறது இல்ல, நெனைக்காமத்தான் வேலை ஓடுது. ஆனா இப்படி ஒண்ண எங்கிட்டக் குடுத்துட்டு, காலையில எந்திரிச்சா ஞாபகம் இருக்கான்னு நான் டெய்லி என்னையே தட்டிப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. நீங்களே வச்சுக்கோங்க." சொல்லிவிட்டு எழுந்திருக்கவும் இல்லை. அவள் குரலில் அழுகை இல்லை, வார்டில் ஷிப்டு மாற்றிக் கொடுக்கும்போது படுக்கை எண்ணையும் மருந்தையும் சொல்வாளே, அந்தக் குரல். "சாவி வந்துருச்சா?" முன்னறையிலிருந்து. "ஆள் போயிருக்குப்பா" என்றாள் அதே குரலில்.

நானே வைத்துக்கொள்வது. அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, போன மாதம் நடந்தது. பழகிப் பார்க்கலாம் என்று ஒரு வெற்று வாலட்டை உருவாக்கினேன், உள்ளே எதுவும் போடவில்லை, அது கொடுத்த பன்னிரண்டு சொற்களையும் தாளில் எழுதாமல் மனதிலேயே நிறுத்த முடிகிறதா என்று பார்க்க ஆசை. எட்டாவது வரை தமிழில் படித்தவன் நான், ஒன்பதாவதில் தூக்கி இங்கிலீஷ் மீடியத்தில் போட்டார்கள், பாதி வருஷம் வகுப்பில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன், அப்போது கற்றுக்கொண்ட வித்தை, எதையும் தமிழாக்கி உள்ளே போட்டுக்கொள்வது, கேட்டால் இங்கிலீஷாக்கி வெளியே எடுப்பது. வேதியியல் பூராவும் அப்படித்தான் தேறினேன், கார்க்கில் நேர்முகத் தேர்வு வரைக்கும் அதுதான் கை கொடுத்தது. இங்கேயும் பன்னிரண்டையும் தமிழில் ஒரு கதையாகக் கோத்தேன். ஒரு சின்னப் படகு, அதில் ஒரு நரி, கடலைத் தாண்டி டாக்டருக்கு எலுமிச்சம்பழம் கொண்டுபோகிறது, இப்படி. ஒரு வாரம் கழித்துத் திறக்க உட்கார்ந்தேன். கதை அப்படியே இருந்தது, நரி இருந்தது, எலுமிச்சம்பழத்தின் வாசனைகூட இருந்தது. சின்ன என்பது ஸ்மாலா, லிட்டிலா, டைனியா? மூன்றுமே அந்தச் சொற்பட்டியலில் இருக்கின்றன. கடல் என்பது சீயா, ஓஷனா? இரண்டும் இருக்கின்றன. மாற்றி மாற்றி எல்லா விதமாகவும் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் தவறு என்று சிவப்பில் ஒரு வரி. எல்லா விதமும் பொய்த்தது என்றால் சின்னதிலும் கடலிலும் மட்டும் கோளாறு இல்லை, வேறு எங்கேயோ ஒரு சொல் எனக்குத் தெரியாமலேயே மாறிவிட்டிருக்கிறது, நான் இது சரி என்று கல் போல நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு சொல். அதுதான் உறக்கத்தைக் கெடுக்கிறது. தெரியாது என்று தெரிந்தால் கேட்டுக்கொள்ளலாம், மாமாவுக்கு அவர் மறந்துவிட்டார் என்பதா தெரிகிறது? அவருக்கு அவர் குடோன் வாசலில் நிற்கிறார், சாவி வர வேண்டியிருக்கிறது, அவ்வளவும் கல் போல உறுதி. இரண்டு மொழிக்கு நடுவில் ஒரு சொல் தவறி விழுந்ததா, அல்லது வேறு ஏதாவது ஆரம்பித்துவிட்டதா? முந்தாநாள் மருந்துக்கடை வாசலில் எதற்கு வந்தேன் என்று நின்றேன், எல்லாரும்தான் நிற்கிறார்கள், ஆனால் எல்லாரும் அங்கேயே நின்று தன் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் எப்படி இருந்தது என்று கணக்குப் பார்ப்பார்களா? என் அப்பா மாரடைப்பில் போனவர், மறப்பதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. எனக்கு இருக்குமா இருக்காதா என்பதே தெரியாது. அதை அவளிடம் சொன்னேன். நரியை, எலுமிச்சம்பழத்தை, சிவப்பு வரியை. எழுதி வைத்துக்கொள்ளலாமே, எதற்கு மனப்பாடம் என்று கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. எழுதினாலும் எழுதிய தாளை எங்கே வைத்தோம் என்பதை ஒருவர் மறக்காமல் இருக்க வேண்டும், அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், மாமா ஒளித்து வைத்த ரேஷன் கார்டை நாங்கள் அரிசி டிரம்முக்குள்ளிருந்து எடுத்தது போன பொங்கலுக்கு. "நரிக்கு எதுக்குங்க எலுமிச்சம்பழம்?" என்றாள். பிறகு, "இதையா ஒரு மாசமா உள்ள வச்சுக்கிட்டு உம்முன்னு திரிஞ்சீங்க?"

அப்போதுதான் இரண்டு சாவி வாலட்டைக் காட்டினேன். லேசான வாலட்டுகளிலேயே அப்படியும் ஒரு வகை இருக்கிறது, உன் கணினியில் ஒரு சாவி, என் கணினியில் ஒரு சாவி, ஒருவர் மட்டும் ஒன்றும் எடுக்க முடியாது, இரண்டு பேரும் ஒப்புதல் கொடுத்தால்தான் நகரும். சொல்லும்போதே எனக்கு உள்ளே குளிர்ந்தது, இதுதான் சரி, செய்தவர் ஒரு கட்டம், சரிபார்த்தவர் ஒரு கட்டம், போலிப் பக்கத்தில் நான் விரலை வைத்தாலும் அவள் வைக்காமல் பணம் போகாது, நோரீனுக்கு இது பிடித்திருக்கும். மூன்று சாவியில் ஏதாவது இரண்டு போதும் என்றுகூட வைத்துக்கொள்ளலாம், ஆனால் மூன்றாவது சாவியை யாரிடம் கொடுப்பது, பிள்ளை இருப்பவர்கள் அதைப் பற்றி யோசிக்கலாம், எங்களுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். வடிவு திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "ரெண்டு பூட்டா?" ஆமாம் என்றேன். "குடோன் மாதிரியா?" எனக்குப் புரியவில்லை. "உங்களுக்குச் சொன்னதே இல்லையா நான்?" குடோனில் தீப்பிடித்தது என்று ஒரு வரியாகத்தான் எனக்குத் தெரியும், அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது. "மில்லு அந்தப் பஞ்சு மேல பேங்குல கடன் வாங்கியிருந்துச்சு. அப்படி வாங்குனா கதவுல ரெண்டு பூட்டுங்க. ஒண்ணு மில்லு பூட்டு, சாவி அப்பாகிட்ட. இன்னொண்ணு பேங்கு பூட்டு, சாவி பேங்குக்காரன்கிட்ட, மேல அரக்கு சீல். ரெண்டு பேரும் சேந்து வந்து நின்னாத்தான் ஒரு பேல் பஞ்சு வெளிய போகும். திருட்டுப் போகாது, நெசந்தான். அன்னைக்கு மத்தியானம் ஜன்னல் கம்பி வழியா புகை. அப்பா அவரு பூட்டத் தெறந்துட்டாரு. பேங்குக்காரரு ஸ்ரீவில்லிபுத்தூர்ல யாருக்கோ நிச்சயதார்த்தம்னு போயிட்டாரு. சைக்கிள்ல ஆள் போயிருக்கு. சீலை ஒடைச்சா கேஸுன்னு மில்லு மேனேஜர் கையப் புடிச்சுக்கிட்டாரு. பஞ்சு சத்தம் போட்டு எரியாதுங்க, உள்ளுக்குள்ளயே உருகி உருகிப் போகும். அப்பா தொறந்த பூட்டக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னாராம்." கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். "அப்புறம் ஏன் ஒடைக்கலன்னு இவரைத்தான் விசாரிச்சாங்க." ஆள் போயிருக்கு. ஒரு வருஷமாக நாளுக்கு எத்தனையோ தடவை நான் அந்த மனுஷரிடம் சொல்லிக்கொண்டிருப்பது, அன்றைக்கு அந்த வாசலில் யாரோ அவரிடம் சொன்னதை. வடிவு தெரிந்துதான் அந்தப் பதிலைத் தேர்ந்தாளா? நான் கேட்காமலே அவள் சொன்னாள், "அந்தப் பதிலுக்கு மட்டும்தான் அவர் உக்காருவாரு. வேற எல்லாம் போட்டுப் பாத்துட்டேன்." காற்று ஜன்னலை அடித்தது. திரை தானாக அணைந்தது, அதில் எங்கள் இரண்டு பேர் முகமும் மங்கலாகத் தெரிந்தது, மவுஸை அசைத்தேன், முகங்கள் போய் வாலட்டுகள் வந்தன. இரண்டு சாவி வேண்டும் என்று வைத்தால், திருடனுக்கு இரட்டை வேலை. மறதிக்கு? மறதிக்குப் பாதி வேலை. அவள் மறந்தாலும் போயிற்று, நான் மறந்தாலும் போயிற்று, ஒருவர் கை தளர்ந்தால் மற்றவர் திறந்த பூட்டோடு வாசலில் நிற்க வேண்டியதுதான். நான் இவ்வளவு நேரமும் யாருக்குப் பயந்து பூட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன்? முகம் தெரியாத திருடனுக்கு. அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, வருவானோ மாட்டானோ. மறதி அப்படி இல்லை, அது முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டது. ஆனால் ஒரே சாவி, அதை இரண்டு பேரும் வைத்துக்கொள்வது என்றால், தொலைய இரண்டு தாள், திருட இரண்டு தாள், சண்டை போட்டுக்கொண்டு ஒருவர் எடுத்துக்கொண்டு போகவும் இரண்டு பேர், சீ, யாரை நினைக்கிறேன், நினைப்புக்கு வெட்கம் கிடையாது, கதவு திறந்திருந்தால் எதுவும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. "பேங்குல போடுவோமே, யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டா போதும்னு, அந்த மாதிரி இதுல கெடையாதா?" என்றாள் வடிவு. இருக்கிறது, ஒரே பன்னிரண்டு சொற்கள், இரண்டு பேரிடமும் இருந்தால் யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்றேன். "நீங்க மறந்தா நான் இருக்கேன். நான் மறந்தா நீங்க." எங்கிட்ட வேண்டாம்னு இப்பத்தானே சொன்னே என்றேன். "எங்கிட்ட மட்டும்தான் வேண்டாம்னேன்." இரண்டு பேரும் மறந்தால்? அவள் யோசிக்கவே இல்லை. "ரெண்டு பேரும் மறந்துட்டா, இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியப் போகுது? நிம்மதியா கஞ்சியக் குடிச்சுட்டு உக்காந்திருப்போம்." அவளே சிரித்தாள், நானும், சிரித்து முடித்த இடத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தோம்.

கைரேகையை மட்டும் இன்னும் சரிபார்க்கவில்லை. நீ இதைப் படி, நான் அதைப் பார்க்கிறேன் என்றேன். அவள் ஸ்டூலை நெருக்கிப் போட்டுக்கொண்டு கண்ணாடியை மாட்டினாள். எப்படிப் படிக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்க வாயெடுத்தேன், அதற்குள் ஆரம்பித்துவிட்டாள், நாலு நாலாக, நடுவில் மூச்சு விட்டு, நான் ம் என்ற பிறகே அடுத்ததற்குப் போய். ஆபத்தான ஊசி போடும் முன்னால் இரண்டு நர்ஸ்கள் எதிரெதிரே நின்று புட்டியையும் அளவையும் இப்படிப் படிப்பார்கள் என்று அவள் என்றைக்கோ சொன்னது, அப்போது நான் ஏதோ போட்டிப் பேச்சாக எங்கள் லேபில் என்று ஆரம்பித்திருப்பேன். ஒரே வேலையைத்தான் இரண்டு பேரும் இருவேறு கட்டடத்தில் பார்த்திருக்கிறோம். ஏழு, எஃப், மூணு, மூணு. ம். பூஜ்யம், பி, எட்டு, ஒண்ணு. ம். "தள்ளு" என்றது முன்னறை. நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம். மாமா நாற்காலியில் முன்னால் சாய்ந்து, விரலைத் தொடையில் தட்டிக்கொண்டு, வாசல் வழியாகப் பேல்கள் போகிறாற்போல் பார்த்துக்கொண்டிருந்தார். வடிவு நிறுத்தாமல் அடுத்த நாலைப் படித்தாள். நான் ம் என்றேன். "ம், தள்ளு தள்ளு, வாசல அடைக்காத" என்றார். இங்கிலீஷ் எழுத்து வந்தால் மட்டும் கொஞ்சம் முகம் சுளித்தார், எண் வந்ததும் தெளிந்தார். வடிவின் குரல் ஓர் இடத்தில் மட்டும் தடுக்கியது, சி என்பதை டி என்று படித்துவிட்டாள், நான் கையைத் தூக்கினேன், திரும்பப் படித்தாள், சரி. தப்பு வரும் என்று தெரிந்து, வந்து, பிடிபட்டு, நகர்ந்துவிட்டது. நான் தனியாக மூன்று தடவை படித்தபோது ஒரு தப்புக்கூட வரவில்லை, அதுதான் எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். கடைசி நாலு. ம். இரண்டு வரியும் ஒன்று. அசல்தான். வடிவு கண்ணாடியைக் கழற்றி மூக்கில் பதிந்த தடத்தைத் தேய்த்துக்கொண்டாள். "இதுக்கா காலையிலேருந்து?" என்றாள். கோப்பைத் திறந்தேன். நிறுவவா என்று கேட்டது, நிறுவச் சொன்னேன். ஒரு சாவியா, பல சாவியா என்று அடுத்த கேள்வி, கீழே இரண்டு வட்டம், இரண்டிலும் புள்ளி இல்லை. விரல் மவுஸின் மேல் இருக்கிறது. வெளியே தெருவில் யாரோ பழைய பிளாஸ்டிக் வாங்க வந்து கூவிக்கொண்டு போகிறான். சர்வர் எங்கேயோ காத்திருக்கிறது, கார்க்கில் இப்போது விடிந்திருக்கும், கம்பெனியில் ஆட்கள் காபியோடு வந்து உட்கார்ந்து என் போன்றவர்களின் வரிசையைத் திறந்துகொண்டிருப்பார்கள். மாமா இன்னும் தொடையில் தட்டுகிறார், எண் நின்றுவிட்டதே என்று எங்கள் பக்கம் பார்க்கிறார். பணம் போகுமே என்ற பயம் இப்போது முன்போல் இல்லை, வேறு ஒன்றாக மாறி உட்கார்ந்திருக்கிறது, அதற்கு இரண்டு மொழியிலும் பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வடிவு இரண்டு வெள்ளைத் தாள் எடுத்துவந்தாள், இரண்டு பேனா. ஒரு பேனா எழுதவில்லை, உதறினாள், எழுதியது.

ஒரு சாவி உள்ள லேசான வாலட்டையே எடுத்துக்கொண்டேன். அது காட்டிய பன்னிரண்டு சொற்களையும் இங்கிலீஷிலேயே ஆளுக்கொரு தாளில் எழுதிக்கொண்டோம்.